பழைய கொலை வழக்கு ஒன்றைக் கையில் எடுக்கும் முன்: புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

1944 நவம்பர் 8, புதன்கிழமை. சென்னை வேப்பேரியில் தன் வக்கீலைப் பார்த்துவிட்டு ரிக்‌ஷாவில் திரும்பிக்கொண்டிருந்த ஒருவரை ஜெனரல் காலின்ஸ் ரோட்டில் வழிமறித்துக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் ஜெனரல் ஆஸ்பத்திரியில் அவர் உயிர் பிரிந்தது. பெயர் சி.என். லட்சுமிகாந்தன். முதலில் ‘சினிமா தூது’, அப்புறம் ‘இந்து நேசன்’ என்று பத்திரிகை நடத்தியவர். நடிகர் நடிகையரின் அந்தரங்கத்தை அச்சில் ஏற்றி விற்றவர் என்பதால் சினிமா உலகமே அவர்மீது கொதித்துப்போயிருந்தது.

அடுத்து நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எம்.கே. தியாகராஜ பாகவதர், ‘கலைவாணர்’ என்.எஸ். கிருஷ்ணன், டைரக்டர் ஸ்ரீராமுலு நாயுடு மூவரும் கைதானார்கள். நாயுடுவை விடுவித்துவிட்டு, மற்ற இருவருக்கும் 1945 மே மாதம் ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். வழக்கு அன்றைக்குக் கடைசி மேல்முறையீட்டு இடமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய்த் திரும்பி வந்து, 1947 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. அதற்குள் சுமார் முப்பது மாதம் சிறையில் கழிந்துவிட்டது. கலைவாணர் மீண்டு வந்தார். பாகவதருக்குப் பழைய இடம் திரும்பக் கிடைக்கவே இல்லை.

இந்தக் கதையை நூறு பேர் நூறு விதமாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். பாகவதர் பாட்டில் தொடங்கி பாகவதர் கண்ணீரில் முடிப்பார்கள். குத்துப்பட்டுச் செத்தவரைப் பற்றி ஒரு வரிக்கு மேல் யாரும் பேசுவதில்லை. அவரைக் கொன்றது யார் என்பது எண்பது வருடம் கடந்தும் தீராத கேள்வி. ஊருக்குப் பிடிக்காத மனிதர் என்பதாலேயே அந்தக் கேள்வி அப்படியே கிடக்கிறது என்று நினைக்கிறேன்.

பழைய கொலை வழக்குகளைத் தோண்டிப் பார்க்கும் ஆசையோடு வருகிற இளைஞர்கள் எங்கே ஆரம்பிப்பது என்று அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு லட்சுமிகாந்தன் வழக்கையே கடைசிவரை வைத்துக்கொள்கிறேன். நீங்கள் எடுக்கிற வழக்கு வேறாக இருந்தாலும் வேலை ஒன்றுதான்.

முதலில் எந்த வழக்கை எடுப்பது

ஆரம்பத்தில் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, அந்த வழக்கில் ஒரு நீதிமன்றத் தீர்ப்பாவது அச்சாகியிருக்க வேண்டும். தீர்ப்பு இல்லாத வழக்கில் உங்களுக்குக் கிடைப்பதெல்லாம் பத்திரிகைச் செய்தியும் ஊர்ப் பேச்சும்தான். அதை வைத்துக்கொண்டு புது ஆள் ஒருவர் தடுமாறாமல் நடப்பது கஷ்டம். இரண்டு, அது நீங்கள் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கக்கூடிய இடத்தில் நடந்ததாக இருக்கட்டும். ஸ்வீடன் பிரதமர் ஓலோஃப் பால்மே 1986இல் ஸ்டாக்ஹோம் தெருவில் சுடப்பட்ட வழக்கு உலகம் முழுக்க ஆட்களை இழுக்கிறது. அந்த நாட்டிலேயே அதற்கென்று வாழ்நாளைக் கொடுத்த தனியாள் துப்பறிவாளர்கள் உண்டு. ஆனால் அவர்களுக்கு அந்தத் தெரு தெரியும், அந்த மொழி தெரியும். நமக்கு வேப்பேரி தெரியும்.

கொலை சமீபத்தில் நடந்தது, குடும்பம் இன்னும் நீதிக்கு அலைந்துகொண்டிருக்கிறது என்றால், முதல் வழக்காக அதைத் தொடவே வேண்டாம். பழக வேண்டிய தவறுகளை அவர்கள் வீட்டு வாசலில் போய்ப் பழகக் கூடாது.

செத்தவரிலிருந்து தொடங்குங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி முதல் பத்துப் பக்கத்தை இறந்தவருக்கு என்று ஒதுக்குங்கள். அவர் எங்கே குடியிருந்தார், என்ன வேலை பார்த்தார், யாரோடு வழக்கு வம்பு இருந்தது, பணம் எங்கிருந்து வந்தது, கடைசி ஒரு மாதத்தில் அவர் நடமாட்டம் எப்படி என்று எழுதிக்கொண்டே போங்கள். சந்தேகப்பட்டவர்கள் பெயரை அந்தப் பக்கங்களில் எழுதவே கூடாது.

லட்சுமிகாந்தன் விஷயத்தில் இதைச் செய்து பார்த்தால் படம் மாறிவிடுகிறது. பாகவதரும் கிருஷ்ணனும் நாயுடுவும் அப்போதைய கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் மனுக் கொடுத்து, ‘சினிமா தூது’ பத்திரிகைக்கு உரிமம் இல்லாமல் செய்தார்கள். போர்க்காலம், பத்திரிகை நடத்த உரிமம் வேண்டும். கொலைக்குக் காரணம் என்று எல்லோரும் கைகாட்டுவது இந்தப் பகையைத்தான். ஆனால் அவர் எழுத்தில் அடிபட்டவர்கள் மூன்று பேர் மட்டும்தானா? அதற்கு முன்னால் அவருக்கு ஒரு வாழ்க்கை இருந்தது. போலிப் பத்திரக் குற்றத்துக்காகத் தண்டனை அனுபவித்தவர். நவம்பர் 8க்குச் சில வாரங்களுக்கு முன்பே ஒரு தடவை தாக்கப்பட்டிருந்தார். சாகிற அன்று வக்கீல் வீட்டுக்குப் போனார். ஏன் போனார்? இந்தக் கேள்விகளெல்லாம் நட்சத்திரங்களின் வெளிச்சத்தில் மறைந்துபோய்விட்டவை. செத்தவரை மையத்தில் வைத்தால் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும்.

தாள்களைத் தேதி வாரியாக அடுக்குவது

இந்த வேலையில் என் அனுபவம் கற்றுக்கொடுத்த பெரிய பாடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு பழைய வழக்கைப் பற்றி இப்போது எல்லோருக்கும் ‘தெரிந்த’ விஷயத்தில் பெரும்பகுதி சம்பவம் நடந்து முப்பது, நாற்பது வருடம் கழித்து எழுதப்பட்டதாக இருக்கும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்து எழுதியிருப்பார், அவரை மூன்றாமவர் மேற்கோள் காட்டியிருப்பார். பார்த்தால் மூன்று சான்று போலத் தெரியும். உண்மையில் ஒன்றுதான். அந்த ஒன்றும் யாரோ டீக்கடையில் சொன்னதாக இருக்கலாம்.

ஆகவே நோட்டில் ஒவ்வொரு தகவலுக்கும் மூன்று கட்டம் போடுங்கள்: சொன்னது யார், அவர் அதை நேரில் பார்த்தாரா, சொன்ன தேதி என்ன. மூன்றாவது கட்டம்தான் முக்கியம். சம்பவம் நடந்த முதல் மூன்று நாளுக்குள் பிறந்த தாளுக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. ஆளாளுக்குக் கதை கட்டத் தொடங்குமுன் எழுதப்பட்டது அது.

லட்சுமிகாந்தன் குத்துப்பட்டவுடன் சாகவில்லை. மறுநாள்வரை உயிரோடு இருந்தார். அந்த மணி நேரங்களில் அவர் வக்கீலிடம், போலீஸிடம், டாக்டரிடம் என்ன சொன்னார், அதை யார் எப்போது எழுதிக்கொண்டார்கள் என்பதற்குப் பின்னால் வந்த ஆயிரம் கட்டுரையும் ஈடாகாது. இறந்தவர் தன் சாவுக்கான காரணத்தைப் பற்றிச் சொன்னதைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று 1872ஆம் வருடச் சாட்சியச் சட்டத்தின் 32ஆம் பிரிவே சொன்னது. உங்கள் வழக்கிலும் முதலில் தேட வேண்டியவை இவை: எஃப்.ஐ.ஆர்., மரண வாக்குமூலம் இருந்தால் அது, ஆஸ்பத்திரியின் காயக் குறிப்பு, போஸ்ட்மார்ட்டம் அறிக்கை. முழுத் தாள் கிடைக்காவிட்டாலும் தீர்ப்பில் அவற்றிலிருந்து பகுதிகள் எடுத்துப் போட்டிருப்பார்கள். பாதி வேலைக்கு அது போதும்.

இதற்கு மாறாக ஒரு பயிற்சி. லட்சுமிகாந்தன் கொலையை போட் மெயில் ரயிலில் நடந்த வேறொரு கொலையோடு முடிச்சுப் போடும் கதை ஒன்று உலவுகிறது. அந்த ரகசியம் தெரிந்ததால்தான் இவரைத் தீர்த்துவிட்டார்கள் என்பது அதன் சாரம். கேட்கச் சுவாரசியமாக இருக்கும். சரி, இந்தக் கதை முதன்முதலாக எந்த வருடம் அச்சில் வந்தது என்று பின்னோக்கித் தேடிப் பாருங்கள். 1944, 1945 தாள்களில் இருக்கிறதா, வழக்கு விசாரணையில் யாராவது அதை எழுப்பினார்களா? இந்த ஒரு தேடலை முடித்தீர்கள் என்றால் பாதித் துப்பறிவாளர் ஆகிவிட்டீர்கள்.

தாள் எங்கே கிடைக்கும்

தீர்ப்பிலிருந்து தொடங்குங்கள். பழைய உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் சட்ட அறிக்கைத் தொகுதிகளில் அச்சாகியிருக்கின்றன. சட்டக் கல்லூரி நூலகத்திலோ வக்கீல் நண்பர் அலுவலகத்திலோ பார்க்கலாம். பிரிவி கவுன்சில் தீர்ப்புகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. வாசிக்கும்போது முடிவைக் கடைசியாகப் படியுங்கள். அரசுத் தரப்பு சொன்னது, எதிர்த்தரப்பு சொன்னது, யார் சாட்சியத்தை நீதிபதி நம்பினார், யாரை ஏன் நம்பவில்லை என்று நான்கு பத்தியாகப் பிரித்து எழுதிக்கொண்டு, அப்புறம் முடிவுக்கு வாருங்கள்.

இந்த வழக்கில் கவனிக்க வேண்டியது அப்ரூவர் சாட்சியம். குற்றத்தில் தானும் பங்கெடுத்தேன் என்று சொல்லி, மன்னிப்புப் பெற்று, மற்றவர்களைக் காட்டிக்கொடுத்தவர் ஒருவர் இருந்தார். அப்படிப்பட்டவர் சாட்சியத்தின் பேரிலும் தண்டிக்கலாம் என்று அதே சாட்சியச் சட்டத்தின் 133ஆம் பிரிவு அனுமதித்தது. அவர் பேச்சை வேறு சான்று தாங்கிப்பிடிக்காவிட்டால் நம்பத் தகாதவராகக் கருதலாம் என்று 114ஆம் பிரிவின் உதாரணம் எச்சரித்தது. ஒன்பது பேர் கொண்ட ஜூரி ஒரு விதமாகப் பார்த்தது, 1947இல் நீதிபதிகள் வேறு விதமாகப் பார்த்தார்கள். ஒரே சாட்சியம் இரண்டு முடிவுக்கு எப்படி இடம் கொடுத்தது என்பதைப் பேனா பிடித்து உட்கார்ந்து படியுங்கள். எந்த வழக்கிலும் அப்ரூவர் வந்தால் அவர் பேச்சை ஒரு நிறத்திலும், அதைத் தாங்கும் தனிச் சான்றை இன்னொரு நிறத்திலும் அடிக்கோடிடுங்கள். இரண்டாவது நிறம் பக்கத்தில் குறைவாக இருந்தால் உங்களுக்கே விளங்கிவிடும்.

செய்தித்தாள்களுக்குத் தரமணியில் இருக்கிற ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், எழும்பூர் கன்னிமாரா நூலகம் இரண்டையும் பாருங்கள். அரசாங்கக் கோப்புகளுக்கு எழும்பூரிலேயே தமிழ்நாடு ஆவணக் காப்பகம். இங்கெல்லாம் நேரே போய் நின்றால் வேலை நடக்காது. அடையாள அட்டை, அறிமுகக் கடிதம், என்ன பார்க்கப் போகிறீர்கள் என்ற விவரம் இவை தேவையா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். ‘லட்சுமிகாந்தன் பற்றி எல்லாம் வேண்டும்’ என்று கேட்காதீர்கள். ‘1944 நவம்பர் 8 முதல் 30 வரை, சுதேசமித்திரன்’ என்று கேளுங்கள். ஊழியர்கள் மனம் வைத்து உதவுவார்கள்.

போர்க்காலத்தில் காகிதத் தட்டுப்பாடு. பத்திரிகைகள் ஒல்லியாகத்தான் வந்தன. பெரிய செய்தியும் சின்னப் பெட்டிக்குள் அடங்கியிருக்கும். தலைப்பை மட்டும் மேய்ந்துவிட்டு வந்தால் கோட்டை விட்டுவிடுவீர்கள்.

வழக்கு சுதந்திரத்துக்குப் பிந்தையது என்றால் தகவல் உரிமைச் சட்டத்தையும் பயன்படுத்தலாம். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில். 20 வருடத்துக்கு முந்தைய சம்பவம் பற்றிய தகவலுக்கு, மறுப்பதற்கான காரணங்களில் பெரும்பாலானவை பொருந்தாது என்று 8ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு சொல்கிறது. மனுவில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டே எழுதுங்கள். ஆனால் கைவசம் இருக்கிற தாளைத்தான் அவர்கள் கொடுக்க முடியும். பழைய கோப்பை அழித்திருந்தால், எந்த உத்தரவின்படி அழித்தீர்கள் என்று அடுத்த மனுப் போடலாம். நான் ஒருமுறை ஒரு வழக்குக்காக எட்டு மாதம் அலைந்து, கடைசியில் கிடைத்தது கோப்பு அழிக்கப்பட்டதற்கான ஒற்றை வரி. அன்று மனசு உடைந்துவிட்டது. ஆனால் அந்த வரியில் கோப்பின் பழைய எண் இருந்தது. அந்த எண்ணை வைத்து வேறொரு துறையில் அதே தாள்களின் நகல் கிடைத்தது.

இடத்துக்குப் போங்கள், கடிகாரத்தைச் சரிபாருங்கள்

சம்பவம் நடந்த இடத்துக்கு அதே மாதத்தில், அதே நேரத்தில் போய் நில்லுங்கள். ஜெனரல் காலின்ஸ் ரோடு இன்றும் அதே பெயரில் இருக்கிறது. கட்டடங்கள் மாறியிருக்கும், தெருவின் வளைவும் நீளமும் சந்திப்புகளும் பெரும்பாலும் மாறாது. ரிக்‌ஷாவின் வேகம் ஓர் ஆளின் மெல்லோட்டம். அந்த வேகத்தில் நடந்து பார்த்து எவ்வளவு நிமிடம் ஆகிறது என்று எழுதுங்கள். சாட்சி நின்றதாகச் சொன்ன இடத்திலிருந்து எதிராளியின் முகம் தெரிகிறதா என்று பாருங்கள். அந்தக் காலத்து நகர வரைபடம் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 1953 வரை சென்னையில் டிராம் ஓடியது. யாராவது டிராமில் வந்தேன் என்று சொல்லியிருந்தால் பாதையைச் சரிபார்க்க உதவும்.

புதியவர்கள் தவறவிடுகிற ஒரு நுணுக்கம் உண்டு. 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் வரை இந்தியாவில் கடிகாரத்தைப் போருக்காக ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருந்தார்கள். லட்சுமிகாந்தன் வழக்கின் தாள்களில் காலை பத்து மணி என்று எழுதியிருந்தால், வெயிலின் கணக்கில் அது இன்றைய ஒன்பது மணி. வெளிச்சம், நிழல், தெருவில் ஆள் நடமாட்டம் எல்லாம் அதற்கேற்ப மாறும்.

ஒரு பழைய பஞ்சாங்கமும் வேண்டும். நம் ஊர்ச் சாட்சிகள் தேதி சொல்ல மாட்டார்கள். ‘தீபாவளி முடிஞ்ச மூணாம் நாள்’, ‘கிருத்திகைக்கு முந்தின ராத்திரி’ என்றுதான் சொல்வார்கள். 1944இல் தீபாவளி அக்டோபர் 16. கொலைக்கு இருபத்து மூன்று நாள் முன்பு. இப்படி ஒரு கம்பம் நட்டுக்கொண்டால் மற்ற நாட்களை அதில் கட்டலாம். அமாவாசை எது, நிலா எத்தனை மணிக்கு எழுந்தது என்பதெல்லாம் இரவுக் கொலைகளில் உயிரான விஷயம்.

மனிதர்களைப் பார்க்கப் போகும்போது

1944ஐ நேரில் பார்த்தவர்கள் அநேகமாக இல்லை. அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சொல்வது கேள்விப்பட்டது. நோட்டில் அப்படியே குறியுங்கள். பிந்தைய வழக்குகளில் நேரில் பார்த்தவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் போவதற்கு முன் தெரிந்தவர் ஒருவர் மூலம் சொல்லி அனுப்புங்கள். முன்னறிவிப்பில்லாமல் கேமராவோடு கதவைத் தட்டாதீர்கள். ‘ஐயா, உங்களுக்கு விருப்பமில்லையென்றால் இப்போதே கிளம்பிவிடுகிறேன்’ என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். சொன்னபடி கிளம்பவும் தயாராக இருங்கள்.

கேள்வியில் பதிலைத் திணிக்கக் கூடாது. ‘அவன் கையில் கத்தி இருந்துதானே?’ என்றால் எதிரில் இருப்பவர் மரியாதைக்காவது ஆமாம் என்பார். ‘அன்னிக்கு என்ன பார்த்தீங்க, முதல்ல இருந்து சொல்லுங்க’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். முதல் தடவை குறுக்கிடவே வேண்டாம். இரண்டாம் தடவை சொல்லும்போது கேள்வி கேட்கலாம். வயதானவர்களிடம் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காராதீர்கள்.

உங்கள் சந்தேகம் ஒரே ஆள் மேல் விழும்போது

மாதக்கணக்கில் உழைத்தபின் ஒரு பெயர் உங்கள் மனசில் ஒட்டிக்கொள்ளும். இங்கேதான் ஆபத்து. அன்றைக்கு ஒரு புதுப் பக்கம் திறந்து, அந்த ஆள் செய்யவில்லை என்பதற்கான காரணங்களை மட்டும் எழுதுங்கள். பக்கம் நிரம்பும்வரை எழுதுங்கள். குழுவில் ஒருவரை அந்த ஆளுக்கு வக்கீலாக நியமித்து வாதாடச் சொல்லுங்கள். நாங்கள் நாலைந்து பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படித்தான் செய்கிறோம். ‘வக்கீல்’ வேலை பார்த்தவரிடம் மூன்று தடவை மொத்தக் குழுவும் தோற்றிருக்கிறது.

புதிரை அவிழ்ப்பது வேறு, கொலையாளியைக் கண்டுபிடிப்பது வேறு என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் சோடியாக் என்று தன்னை அழைத்துக்கொண்ட கொலைகாரன் 1969இல் பத்திரிகைக்கு அனுப்பிய 340 குறிகள் கொண்ட ரகசியக் கடிதத்தை, 51 வருடம் கழித்து 2020 டிசம்பரில் மூன்று தனியாட்கள் அவிழ்த்தார்கள். ஒருவர் அமெரிக்கா, ஒருவர் ஆஸ்திரேலியா, ஒருவர் பெல்ஜியம். கணினியும் பொறுமையும் சேர்ந்து செய்த அபாரமான காரியம் அது. உள்ளே கொலைகாரனின் பெயர் இல்லை. அவன் யாரென்று அதனால் நிரூபணமாகவில்லை. ஆனாலும் அந்த மூவரும் ‘எங்களுக்கு இவ்வளவுதான் தெரிந்தது’ என்ற எல்லைக்குள் நின்றார்கள். அதற்காகவே அவர்கள்மேல் எனக்கு மரியாதை.

எதிர் உதாரணமும் உண்டு. 2013இல் பாஸ்டன் மராத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு, காணாமல் போயிருந்த ஒரு மாணவரின் படத்தை எடுத்துக் குற்றவாளி இவர்தான் என்று இணையத்தில் பரப்பினார்கள். அவருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அவர் இறந்துவிட்டிருந்தார் என்பது பிற்பாடு தெரிந்தது. மகனைத் தேடிக்கொண்டிருந்த பெற்றோர் அந்த நாட்களை எப்படிக் கடந்திருப்பார்கள்?

நம் சட்டமும் இதில் கண்டிப்பானது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு அவதூறு பற்றியது. இறந்துபோனவர் மேல் பழி சொன்னாலும், அவர் உயிரோடு இருந்திருந்தால் பெயருக்குக் கேடு வந்திருக்கும், குடும்பத்தார் மனம் புண்பட வேண்டும் என்றே சொல்லப்பட்டது என்றால், அதுவும் அவதூறு ஆகலாம் என்கிறது அதன் முதல் விளக்கம். ‘செத்துப்போனவர்தானே’ என்று பெயரை வெளியிடுவது சட்டப்படியும் சரியில்லை. பாகவதரும் கலைவாணரும் பட்டதை அறிந்த நமக்கு மனசுப்படியும் சரியில்லை.

உருப்படியான புதுச் சான்று கையில் வந்தால் அதை முகநூலில் போடாமல் எழுத்து மூலம் போலீஸில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். நம் நாட்டில் கொலைக் குற்றத்துக்குக் கால வரம்பு கிடையாது. எத்தனை வருடம் ஆனாலும் விசாரிக்கலாம். துணி, ஆயுதம், கறை படிந்த காகிதம் போல ஏதாவது யாராவது கொடுத்தால் நீங்கள் தொடாதீர்கள். இருந்த இடத்திலேயே போட்டோ எடுத்துவிட்டு, வைத்திருப்பவரையே ஒப்படைக்கச் சொல்லுங்கள். கை மாறக் கை மாற அதன் மதிப்பு கரைந்துகொண்டே போகும். பால்மே வழக்கில் இரண்டு துப்பாக்கிக் குண்டுகளையும் கண்டெடுத்தது தெருவில் வந்த பொதுமக்கள்தான், போலீஸ் அல்ல. அந்த இடத்தை ஒழுங்காக அடைத்து வைக்காத குறை அந்த விசாரணையைக் கடைசிவரை துரத்தியது.

வேலை எங்கேயாவது நின்றுபோகும். பெரும்பாலும் நிற்கத்தான் செய்யும். அப்போது உங்கள் நோட்டு, நகல்கள், பேட்டி ஒலிப்பதிவுகள் எல்லாவற்றுக்கும் ஓர் அட்டவணை போட்டு, பேட்டி கொடுத்தவர்களின் சம்மதத்தோடு, வாங்கிக்கொள்கிற நூலகம் ஒன்றில் சேர்த்துவிடுங்கள். அட்டவணையின் முதல் வரியில் இறந்தவரின் பெயரும் தேதியும் இருக்கட்டும். இருபது வருடம் கழித்து வருகிற ஒருவர் நீங்கள் நின்ற இடத்திலிருந்து நடக்கலாம்.

சரி, இந்தச் சனிக்கிழமை என்ன செய்வது? தீர்ப்பை இறக்கிப் படியுங்கள். நான்கு பத்தியாகப் பிரியுங்கள். அடுத்த வாரம் காப்பகத்துக்குப் போகும்போது பென்சில் எடுத்துப் போங்கள், பல இடங்களில் பேனாவை உள்ளே விடமாட்டார்கள். முகக்கவசமும் வேண்டும். எண்பது வருடத் தூசி தும்மலைக் கிளப்பும், தாளோ தொட்டாலே உடையும்.